குனிந்து வரும் வாசல்

கம்பம் ஊரில் எங்கள் மர வீட்டில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து மறைந்த எங்கள் அண்ணனுக்கு இது முதலாண்டு நினைவு. அவருடைய ஒரே தங்கை நான். எழுத உட்கார்ந்தால் வீட்டைப் பற்றித்தான் வருகிறது. அண்ணனையும் வீட்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஏலக்காய் வியாபாரம் செய்த பாட்டனார், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆசாரிகளை வரவழைத்துக் கட்டிய வீடு. சுவர், மச்சு எல்லாம் தேக்கும் பலாவும்தான். ஓர் ஆணி கிடையாது. தூண்களில் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, அதில் பலகைகளை இறக்கி, மர ஆப்பு அடித்து இறுக்கியிருப்பார்கள். நிலைவாசல் மட்டும் தாழ்வு, அகலமும் குறைவு. நெடுநெடுவென்று வளர்ந்த அண்ணன், யார் வந்தாலும் உள்ளிருந்தே "குனிஞ்சு வாங்க" என்று குரல் கொடுப்பார்.

எங்கள் சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட, திராட்சைத் தோட்டத்தில் பாடுபட்டு எங்களைக் கரையேற்றியவர் அண்ணன். தெருவே மாடி வீடாக மாறியபோதும் அவர் அசையவில்லை. கோடைதோறும் பலகைகளைக் கழற்றி எண்ணெய் பூசுவார். மறுமுனையை அண்ணி பிடிப்பார்கள். "ஊர்ல ஆப்பு வச்சாக் குடும்பம் கலையும். இங்கன ஆப்பு வச்சாத்தான் வீடு நிக்கும்" என்று அண்ணன் சிரிப்பார்.

சென்ற ஆண்டு மதுரை மருத்துவமனையிலிருந்து அவரை உயிரில்லாமல் கொண்டுவந்தோம். ஐஸ் பெட்டி வாசலில் நுழையவில்லை. நிலையை அறுத்துவிடலாம் என்று யாரோ ரம்பம் தேடினார்கள். அதுவரை சுருண்டு கிடந்த அண்ணி எழுந்து வந்தார்கள். "நிலையில கை வைக்காதீக! அவுக உசுரா வச்சிருந்த வீடு. ஆப்பத் தட்டிப் பலகையக் கழட்டுங்க!"

முன்சுவர் திறந்தது. அண்ணன் தம் கூடத்துக்கு வந்து சேர்ந்தார். மறுநாள் அந்த வழியாகவே தூக்கிச் சென்றார்கள். வாழ்நாளெல்லாம் குனிந்து போய்வந்த மனிதர், அன்றுதான் குனியாமல் போனார். என்னால் தாங்க முடியவில்லை. இன்றும் முடியவில்லை.

பிறகு பலகைகளை மாட்டினோம். ஒன்றை மட்டும் அண்ணி மாட்ட விடவில்லை. "அவுக போன வழி. அடைச்சுட்டா எப்படித் திரும்பி வருவாக?" என்றார்கள். ஓராண்டாகச் சாரல் அடித்துக் கூடத்து மரம் கறுத்துவிட்டது. போன வாரம் அதைத் துடைத்துக்கொண்டே, "அவுக பாத்தா வைவாக. திவசம் முடிஞ்சதும் மாட்டிருவோம்" என்று சொல்லி அழுதார்கள்.

மருத்துவமனையில் உடனிருந்த நண்பர்களுக்கும், அன்று சுவரைக் கழற்றித் தந்த தெருக்காரர்களுக்கும் கைகூப்புகிறோம். இன்று அந்தக் கடைசிப் பலகையை மாட்டுகிறோம். எல்லோரும் இருந்து ஒரு கை கொடுக்க வேண்டும். உள்ளே வரும்போது நீங்களாகவே குனிந்து வாருங்கள். குரல் கொடுக்க அண்ணன் இல்லை.