சத்தமில்லாத பம்பு

எங்கள் வீட்டில் பகலில் யாரும் உரக்கப் பேச மாட்டோம். காவலூரில் பெரிய தொலைநோக்கி இருக்கும் இடத்தில் அப்பாவுக்கு இரவு வேலை. காலை ஏழு மணிக்கு வந்து படுத்தால் மூன்று மணிவரை தூங்குவார். அதுவரை குக்கருக்கு விசில் கிடையாது. அம்மா பானையில்தான் சோறு வடிப்பாள். கதவுத் தாழ்ப்பாளில் துணி சுற்றியிருக்கும். லீவு நாட்களில் என் கொலுசு அலமாரிக்குள் போய்விடும். கீரை விற்கிற அக்காகூட எங்கள் வாசலுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டு கூடையை இறக்குவார். இதெல்லாம் எல்லா வீட்டிலும் இருக்கிற வழக்கம் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஐந்தடி நீள மீன் தொட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். ஆலங்காயத்தில் அவர் நடத்திவந்த ஓட்டலை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போகிறார். தொட்டியை விற்க மனம் வரவில்லை. “பாப்பா பாத்துக்கும்க்கா” என்று என்னைக் கை காட்டிவிட்டார். எனக்கு அப்போது பத்து வயது. உள்ளங்கை அகலத்தில் பன்னிரண்டு தங்கமீன்கள் வாளிகளில் மலையேறி வந்திருந்தன. அவற்றைப் பார்த்ததும் எனக்குச் சோறு தண்ணீர் மறந்துபோனது.

தொட்டியோடு ஒரு பம்பும் வந்திருந்தது. தொட்டியில் உள்ள தண்ணீர் குழாய் வழியாகக் கீழே ஒரு வடிகட்டிப் பெட்டிக்கு இறங்கும். அங்கே பஞ்சையும் கற்களையும் தாண்டிச் சுத்தமானதும், பம்பு அதைத் திரும்ப மேலே தள்ளும். ஓட்டலில் கொத்து பரோட்டா சத்தத்துக்கு நடுவே யார் காதிலும் விழாத பம்பு, எங்கள் வீட்டில் மாவு மில் மாதிரி இரைந்தது. அப்பா படுக்கிற அறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரே சுவர்தான்.

“அவரு ராவெல்லாம் ஏணி ஏறி எறங்குற ஆளுடா. தூக்கம் கெட்டு எங்கனா வுழுந்து வெச்சா இன்னா பண்றது? சத்தம் இல்லாத பம்பா வாங்கு. ஒரு வாரம் பாப்பேன். சரிப்படலன்னா தொட்டி வந்த வழியே போவட்டும்” என்று அம்மா மாமாவிடம் சொல்லிவிட்டாள். அன்று முழுக்க நான் தொட்டியை விட்டு நகரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா, மாமா, நான் மூவரும் பஸ் ஏறி வேலூருக்குப் போனோம். மீன் கடை பெரிய ரோட்டின் மேலேயே இருந்தது. கடைக்காரர் ஒரு பம்பை வாளிக்குள் போட்டு ஓடவிட்டார். சத்தமே இல்லை. இன்னொன்றைப் போட்டார். அதிலும் இல்லை. வெளியே பஸ்கள் ஹாரன் அடித்த அடியில் அங்கே எதைப் போட்டாலும் ஊமையாகத்தான் இருந்திருக்கும். அம்மா அவர் அருகில் போய், ஷட்டரைக் கொஞ்சம் இறக்க முடியுமா, ஃபேனையும் நிறுத்த முடியுமா என்று கேட்டாள். பகல் நேரமல்லவா, வழக்கப்படி கிசுகிசுவென்றுதான் கேட்டாள். அவர் என்னவோ ஏதோவென்று பயந்து மாமாவைப் பார்த்தார்.

“எங்க வூட்ல பகல்ல அப்டித்தாங்க பேசுவாங்க” என்றார் மாமா.

கடைக்காரர் நல்ல மனிதர். எதற்கு என்று கேட்காமல் ஷட்டரை முக்கால்வாசி இறக்கினார். அரை இருட்டில் நாங்கள் நான்கு பேரும் ஒரு வாளியைச் சுற்றிக் குந்தியிருந்தோம். சின்ன பம்பில் சத்தம் சுத்தமாக இல்லை. ஆனால் குழாயை நாலடி உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தபோது தண்ணீர் சொட்டு சொட்டாகத்தான் வந்தது. பெரியது தண்ணீரைப் பீய்ச்சியடித்தது, வாளியும் கூடவே நடுங்கியது. நடுவில் உள்ளதைப் போட்டதும் அம்மா வாளியின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கோயிலில்கூட அவள் அவ்வளவு நேரம் கண்மூடி நான் பார்த்ததில்லை.

“கைல தெரியுது, காதுல தெரியல. இதையே குடுங்க” என்றாள்.

கடைக்காரர் பொட்டலம் கட்டும்போது என்னிடம் ஒன்று சொல்லி அனுப்பினார். கரண்ட் போய் பம்பு நின்றால் மீன்கள் மூச்சுக்குத் திணறி மேலே வந்து வாயைத் திறக்கும்; தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். அன்று வீட்டுக்கு வந்ததும் இதை அப்பாவிடம் மூன்று தடவை ஒப்பித்தேன்.

வீட்டில் மாட்டியபோது கடையில் கேட்காத சத்தம் கேட்டது. பெரிதாக ஒன்றுமில்லை, மூடிய டப்பாவுக்குள் ஒரு வண்டு இருப்பது போல. மாமா சைக்கிள் ட்யூபை வெட்டி அடியில் வைத்தார், சாக்கை மடித்து வைத்தார். வண்டு கொஞ்சம் தூரமாகப் போனதே தவிர, ஒழியவில்லை. அம்மாவின் ஒரு வாரம் தொடங்கியது.

தினமும் பள்ளி விட்டதும் ஓடிவந்து அப்பாவிடம் கேட்பேன். “சத்தம் கேட்டுச்சாப்பா?”

“இன்னா சத்தம்?” என்பார் அவர், டீயை ஆற்றிக்கொண்டே. அம்மா அவர் கண்களை உற்றுப் பார்ப்பாள். “வயசாவுதில்ல, கண்ணு செவக்கத்தான் செய்யும்” என்பார். எனக்கு உயிர் திரும்பி வரும்.

வெள்ளிக்கிழமை பேய்க்காற்று. அம்மா காலையிலேயே ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் போயிருந்தாள். பள்ளியிலும் கரண்ட் இல்லை. தெருவில் நுழைந்ததும் பக்கத்து வீட்டு அத்தை, “பத்து மணிக்குப் போன கரண்ட்டு, இன்னும் வரலடி” என்றார். பையைத் தூக்கிக்கொண்டு அழுதபடியே ஓடினேன்.

தொட்டிக்குப் பக்கத்தில் அப்பா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் குளியலறைச் சொம்பு. மொண்டு, தலைக்கு மேல் தூக்கி, ஊற்றினார். மறுபடி மொண்டார். பனியனும் லுங்கியும் தொப்பலாக நனைந்திருந்தன. தரையெல்லாம் தண்ணீர். பன்னிரண்டு மீன்களும் உயிரோடு இருந்தன.

“இப்பதான் எழுந்தேன். வா, நீ கொஞ்சம் ஊத்து” என்று சொம்பை நீட்டினார். அவர் விரல்கள் துவைகல்லில் நாளெல்லாம் நின்றவர் விரல்கள் போலச் சுருங்கி வெளுத்திருந்தன. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு மீன்களை எண்ணப் போய்விட்டேன். கரண்ட் வந்தது. அப்பா முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டார். ஞாயிறன்று அம்மா தொட்டி இருக்கலாம் என்று சொல்லிவிட்டாள். அந்த மீன்கள் என் பள்ளிக்காலம் முழுக்க எங்களோடு இருந்தன.

இப்போது நான் வேலூரில் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் இரவு டியூட்டி. போன வருஷம் ஒருநாள் பகலில் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தவள் திடுக்கென்று விழித்தேன். எந்தச் சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது: பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் நின்றுபோயிருந்தது. தினமும் அது ஓடுவதை அரைத்தூக்கத்தில் சபித்துக்கொண்டே படுத்திருப்பேன். நின்றதும் உடம்புக்குத் தெரிந்துவிட்டது.

அப்படியே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சத்தமே கேட்கவில்லை என்று தினமும் சொன்ன மனிதருக்கு, அன்று காலை பத்து மணிக்குப் பம்பு நின்றது எப்படித் தெரிந்தது?

உடனே அப்பாவுக்கு போன் போட்டேன். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாளாகிறது. அந்தப் பம்புக்காகப் பட்டதற்கெல்லாம் நன்றி என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது? கடைசியில், பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அந்த வெள்ளிக்கிழமை கேட்டிருக்க வேண்டியதைத்தான் கேட்டேன்.

“நல்லா தூங்குனியாப்பா?”