கரையில் சிந்தாத குருதி

மொழிப்பாட வாத்தியார்கள் நடுவே அவருக்கு எட்டுப்புள்ளி என்று பெயர். எந்தக் கேள்வியைக் கொடுத்தாலும் எட்டுப் புள்ளிகளில் விடை சொல்லிவிடுவார். காதலா, எட்டு. மரணமா, எட்டு. கடவுளே நேரில் வந்து நின்றாலும் ஒன்பதாவது புள்ளிக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

கடைகளில் ஆசிரியர் பெயரில்லாமல் விற்கும் விடைக் கையேட்டை எழுதுவதும் அவர்தான். பள்ளியில் வேலை பார்க்கிறவர்கள் கையேடு எழுதக் கூடாது என்பது விதி. அதனால் வீட்டில் மனைவிக்கும், பதிப்பகத்தில் ஒருவருக்கும் மட்டுமே அது தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த ஆண்டு விடைத்தாள் திருத்தும் முகாமில் அவருக்கு வந்த கேள்வி இது: 'இயற்கையின் ஆற்றலும் மனிதப் பகையும் இரு கவிதைகளில் வெளிப்படும் விதத்தை ஒப்பிடுக.' எட்டு மதிப்பெண். முதல் கவிதை ஒரு புயலைப் பற்றியது. இரண்டாவதில், தண்ணீருக்காக இரண்டு ஊர்க்காரர்கள் ஏரிக்கரையில் கம்போடு எதிரெதிரே நிற்கிறார்கள்.

பள்ளிக்கூடத்துக் கூடம் வியர்வையும் பழைய காகிதமுமாக நாறியது. பக்கத்து மேசைக்காரர் ஒவ்வொரு தாளுக்கும் கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். விரல் நுனி கறுத்திருந்தது. அதே விரலால் முறுக்கு மீசையையும் தடவிக்கொண்டார். எட்டுப்புள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திருப்பினால் மட்டும் என்ன? கண்முன் கிடந்த தாள் அதைவிட மோசம். 'செங்குருதி சிந்தி ஏரிக்கரை சிவந்தது.' அடுத்த தாளிலும் செங்குருதி. அதற்கடுத்ததிலும். ஒரு பையன் 'செங்குருவி சிந்தி' என்று எழுதியிருந்தான். ஈயடிச்சான் காப்பி. காலையிலிருந்து நாற்பது தாள்களில் அவர் எழுதிய வாக்கியமே அவர்மேல் வந்து விழுந்துகொண்டிருந்தது. தான் மென்று துப்பியதை நாற்பது தட்டில் வைத்து நீட்டினால் எப்படியிருக்கும்? அப்படி இருந்தது.

நாற்பத்தோராவது தாளில் குருதி இல்லை. கோணல் எழுத்து. நான்கே வரிகள்.

'முதல் கவிதையில் புயலுக்கு யார்மேலும் கோபம் இல்லை, ஆனாலும் வீடுகள் போகின்றன. இரண்டாவதில் எல்லோருக்கும் கோபம், ஆனாலும் யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஓங்கிய கம்பு ஓங்கியபடி இருக்கும்போதே கரை உடைகிறது. யார் எந்த ஊர் என்று தண்ணீர் கேட்கவில்லை.'

கரை உடைகிறதா? அவர் பாடநூலை எடுத்துக் கவிதையைக் கடைசி வரி வரை படித்தார். உடைகிறது. ஒரு அடியும் விழவில்லை, ஒரு சொட்டு ரத்தமும் இல்லை.

கையேடு எழுதிய நாள் நினைவுக்கு வந்தது. பல் மருத்துவரிடம் முறைக்காகக் காத்திருந்தபோது, வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, முதல் பத்தியை மட்டும் பார்த்துவிட்டு எழுதியது. கம்பு இருக்கிறது, ஆத்திரம் இருக்கிறது, குருதி இல்லாமலா போகும் என்று தானே சேர்த்துக்கொண்டார்.

அந்தத் தாளின் மற்ற விடைகளுக்கு இருபத்தெட்டு வந்திருந்தது. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும். முகாமில் கொடுத்த விடைக்குறிப்பிலும் குருதிதான் இருந்தது; அதன்படி இந்த நான்கு வரிக்கு ஒன்றுக்கு மேல் போட முடியாது. சரியாக எழுதிய குற்றத்துக்கு ஒரு பிள்ளை தோற்கப்போகிறது.

தாளோடும் பாடநூலோடும் முதன்மைத் தேர்வாளரிடம் போனார். அந்த அம்மாள் மேசை விசிறிக்கு முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

"மேடம், விடைக்குறிப்பு தப்பா இருக்கு. கவிதையில சண்டையே நடக்கல."

"நடக்கலைன்னா நமக்கென்ன சார்? நாலாயிரம் பேப்பர் முடிஞ்சிருக்கு. இப்ப குறிப்ப மாத்தினா எல்லாத்தையும் யார் திரும்பத் திருத்துறது? உங்க மாமனாரா?"

"இந்தப் பிள்ளை ஃபெயிலாயிடும் மேடம்."

"கையேட்டுலயும் குருதின்னுதான் இருக்கு. அத எழுதினவன் என்ன முட்டாளா?"

அவரிடம் இருந்தது வேலைக்கே உலை வைக்கும் பதில்தான். ஆனாலும் கையிலிருந்த தாளைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

"ஆமா மேடம். முட்டாள்தான். எழுதினது நான். கவிதைய முழுசாப் படிக்காம எழுதிட்டேன்."

அம்மாள் விசிறியை நிறுத்தினார். பிறகு சிரித்தார்.

"அட, அது ஊருக்கே தெரியும் சார். எட்டு எட்டா வேற எவன் எழுதுவான்? நீங்க எழுதினதுன்னுதான் நம்பி நான் அப்படியே குறிப்புல எடுத்துப் போட்டேன். கவிதைய நானும் படிக்கல."

அந்தச் சிரிப்பில் வெட்கம் கடுகளவும் இல்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"சரி, முகத்த இப்படி வச்சுக்காதீங்க. இந்த ஒண்ணுக்கு மட்டும் போட்டுக்கோங்க, நான் கையெழுத்துப் போடறேன். வெளிய மூச்சு விடாதீங்க."

"அப்ப அந்த நாலாயிரம்?"

"அதுங்க உங்களத்தானே சார் நம்பிச்சு? மார்க்க வெட்டப்போறீங்களா?"

வெட்ட முடியாது. அதுதான் மிகவும் அருவருப்பாக இருந்தது. நம்பி மனப்பாடம் செய்த பிள்ளைகளை எதற்குத் தண்டிப்பது?

எட்டு போட்டார். அம்மாள் கையெழுத்திட்டார். இருபத்தெட்டும் எட்டும் முப்பத்தாறு. அந்தப் பிள்ளை கரையேறிவிட்டது; ஆணா பெண்ணா என்பதுகூட அவருக்குத் தெரியாது.

இடத்துக்குத் திரும்பி அடுத்த தாளை எடுத்தார். செங்குருதி சிந்தி ஏரிக்கரை சிவந்தது. பேனா அந்த வரிமேல் நின்றது.

பக்கத்து மேசைக்காரர் விரலை நக்கியபடி எட்டிப் பார்த்தார். "என்ன சார் யோசனை? அதான் குருதி வந்துடுச்சே. போட்டுட்டு வாங்க, டீ ஆறுது."

எட்டு போட்டார். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.