உள்ளங்கால் பார்த்துப் பிரித்த வரிசை

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு மரக்காணத்தில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும் வேலை கிடைத்தது. ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை விளையாட்டு அட்டவணை தயாரிக்க வந்த புது பி.டி. வாத்தியார், பிள்ளைகளின் உள்ளங்காலைப் பார்த்து இரண்டு வரிசையாக நிறுத்தினார். ஏழாவது படிக்கும் அக்கா மகளுக்கு ஓட்டத்தில்தான் ஆசை. லீவு நாட்களில் அம்மாவோடு உப்பு வாரப் போய் அவள் பாதம் வெடித்திருந்தது. அவளை ஓடாத வரிசையில் நிறுத்தினார். அதில் முழுக்க உப்பளத்துப் பிள்ளைகள்.

நான் ஏழாவதோடு நின்றவன். வரிசை பிரிக்கும் வாத்தியார்களை நம்புவதில்லை.

“ஏன் சார், உப்பளத்துப் புள்ளைங்கன்னா ஓடக்கூடாதா?”

“வெடிப்போட இந்தச் சரளையில ஓடினா புண்ணாயிடும்பா. ரெண்டு வாரம் கேரம், செஸ். ஆறினதும் ஓடட்டும். நோட்டுல எழுதியிருக்கேன், பாரு.”

எழுதித்தான் இருந்தார், பென்சிலில். அதை அழிக்க எவ்வளவு நேரமாகும்?

மறுநாள் கிளியனூர்ப் பக்கம் வேலை தேடிப் போவதாக இருந்தேன். போகவில்லை.

“இன்னும் கெளம்பலியா மாமா? கோடு போட்டு முடிச்சிட்டியே,” என்றாள் அக்கா மகள்.

“அதுமேல நீ ஓடுறதப் பாத்துட்டுப் போறேன்.”