பசுவந்தனையில் சிக்கிக்கொண்ட தூக்குச்சட்டி

கோவில்பட்டி ஸ்டேஷனில் நான் இறங்கியபோது காலை ஏழு மணி. ஐப்பசி மாதம். இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் நான் மதுரையில் தமிழ் டீச்சர். கோடை விடுமுறையில் கொடைக்கானலுக்குப் போய் வெளிநாட்டு மிஷனரிகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பேன். அப்படி என்னிடம் படித்தவள் டென்மார்க்கிலிருந்து வந்த காரின். நர்ஸ். அவளும் கணவர் பீட்டரும் மகள் லிசாவும் பசுவந்தனையில் குடியேறி மூன்று வருடம் ஆகியிருந்தது. என் மாணவி என் தமிழை வைத்துக்கொண்டு கரிசல்காட்டில் எப்படிப் பிழைக்கிறாள் என்று பார்க்க எனக்கு ஒரே ஆவல்.

ஏழே முக்காலுக்குப் பஸ். இருபது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் நாலு ரூபாய். இருபுறமும் மழையில் ஊறிக் கறுத்துக் கிடந்த பருத்திக்காடு. பக்கத்தில் வாழைத்தாரோடு உட்கார்ந்திருந்த அம்மாள் விசாரித்தார்.

"எங்கன போறீங்க?"

"பசுவந்தனைக்கு. டென்மார்க்காரங்க வீட்டுக்கு."

"வெள்ளக்காரம்மா வீட்டுக்கா! நல்ல பொம்பள. ஊசி வலிக்காமப் போடுவாவ. மொதத் தடவ பக்கத்து வீட்டுச் சட்டிய நல்லாக் கழுவி வெறுஞ்சட்டியாத் திருப்பிக் குடுத்திட்டாவ. இப்பம் திருந்திட்டாவ." சற்று யோசித்துவிட்டு, "திருந்துனதுதான் வம்பாப் போச்சு" என்றார். என்ன வம்பு என்று கேட்பதற்குள் அவருடைய ஊர் வந்துவிட்டது.

எட்டே முக்காலுக்குப் பசுவந்தனை. பஸ் நிறுத்தத்திலிருந்து அவர்கள் வீடு கூப்பிடு தூரம்தான். போய்ச் சேர அரை மணி நேரமானது. கரிசல் மண் நனைந்தால் காலை விடாது. ஒவ்வொரு அடிக்கும் செருப்பு கனத்துக்கொண்டே வந்து, கடைசியில் இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றேன்.

பீட்டர் வாசலுக்கு வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், கணுக்காலை எட்டாத லுங்கி, அதற்கு மேல் கால்சட்டைக்குப் போடுகிற தோல் பெல்ட். ஒரு தடவை சந்தையில் லுங்கி அவிழ்ந்துவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்யும்போதும் கை தன்னாலே இடுப்புக்குப் போகிறது என்றார். லிசாவுக்கு ஏழு வயது. பஸ்ஸில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிறவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் "சாப்பிடுதியா?" என்று மரியாதைக்குக் கேட்பார்கள் அல்லவா, அவள் யார் கேட்டாலும் சரி என்று உட்கார்ந்துவிடுவாளாம். தூத்துக்குடி போய்த் திரும்பினால் வீட்டில் அவளை இரண்டு நாள் பட்டினி போட வேண்டியிருக்கிறது.

அந்த லிசாதான் என் காதருகே வந்து, "டீச்சர், எங்கம்மைக்குக் கோட்டி பிடிச்சிட்டு. சட்டியப் பாத்து அழுதா" என்றாள்.

சமையலறை மேடையில் ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி பளபளவென்று இருந்தது. அதற்கு முன்னால் காரின், பரீட்சையில் கேள்வி புரியாத பிள்ளையைப் போல நின்றிருந்தாள். நான் கற்றுக்கொடுத்த அதே சுத்தத் தமிழில் கதையைச் சொன்னாள்.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் ஒருநாள் இந்தச் சட்டியில் பணியாரம் கொடுத்தனுப்பினாள். காரின் சட்டியைத் தேய்த்துக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள். வெறும் சட்டியைத் திருப்பித் தரக்கூடாது என்று பிறகுதான் யாரோ சொன்னார்கள். அடுத்த முறை சட்டி வந்தபோது ஒரு முழுக் கேக்கைச் செய்து வைத்து அனுப்பினாள். இவ்வளவு பெரிய பண்டம் வந்ததே என்று பேச்சியம்மாள் சீடையும் முறுக்குமாக அனுப்பினாள். காரின் இரண்டு கேக். அங்கிருந்து கோழிக்குழம்பு. இப்படியே ஒரு வருடம்.

"இப்போது எரிவாயு தீர்ந்துவிட்டது டீச்சர். மாவு இல்லை, முட்டை இல்லை. கடைசிக் கோழிக்குழம்பு வந்து ஆறு நாட்கள் ஆகின்றன. பேச்சியம்மாள் அக்காவும் என் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மருந்து வாங்க ஊரே வருகிறது. ஒரு காரணமும் இல்லாமல் வந்து உட்காருகிறவர் அவர் ஒருவர்தான். அவரை இழந்தால் நான் இந்த ஊரில் இருக்க மாட்டேன். பீட்டரிடமும் சொல்லிவிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

பதினோரு மணிக்கு நான் மட்டும் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். நாற்பது வயதிருக்கும். பருத்தி விதையைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தவள், நான் யாரென்று சொன்னதும் கூடையைக் கீழே வைத்துவிட்டாள்.

"வாங்க டீச்சர். நீங்களாவது அவியகிட்டச் சொல்லப்பிடாதா? ஒரு வருசமா எங்க வீட்டுக் கோழியெல்லாம் அங்கன போய்ச் சேந்திட்டு. இனிமே சட்டிய அனுப்புனா உன்னையும் சேத்து அனுப்பிருவேன்னு எங்க வீட்டுக்காரவுக வையுதாவ. அந்தக் கேக்க எங்க வீட்டுல ஒருத்தரும் திங்கமாட்டாவ. மாட்டுக்குத்தான் வைக்கேன்."

"அப்போ ஏன் ஆறு நாளா அங்கே போகலை?"

"சட்டி அங்கன இருக்கையில நான் போனா, சட்டியக் கேட்டு வந்தாப்ல ஆயிராதா?" என்றாள். "அவியளப் பாக்காம எனக்கும் பொழுது போகல."

அவள் சொன்னதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினேன். கேக்குக்கு நேர்ந்த கதியைக் காரினிடம் சொல்லவில்லை. கேக்குக்குக் கேக்கு வேண்டியதில்லை, சட்டி வெறுமையாகப் போகாமலிருக்க ஒரு கைப்பிடி சீனி போதும் என்றேன். அவள் வாயைப் பிளந்தாள்.

"ஒரு கைப்பிடியா? இந்த ஒரு வருடமும் அதுவே போதுமாக இருந்ததா?"

ஓடிப்போய் டப்பாவைத் திறந்தாள். காலி. எல்லாச் சீனியும் கேக்கில் போயிருந்தது. தெருவிலிருந்த ஒரே கடையைக் கடைக்காரர் ஏதோ உறவுக்காரர் கல்யாணத்துக்காகப் பூட்டிவிட்டு ஓட்டப்பிடாரம் போயிருந்தார். கோவில்பட்டிக்கே போய் வாங்கி வருகிறேன் என்று பீட்டர் மோட்டார் சைக்கிளை எடுத்தார். தெருமுனை தாண்டவில்லை, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் மண் அப்பிச் சக்கரம் நின்றுவிட்டது. வண்டியைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு திரும்பினார்.

"யாரிடமாவது கடன் கேள்" என்றேன்.

"நாங்கள் இந்த ஊரில் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. கொடுக்கத்தானே வந்தோம்."

சொல்லிவிட்டு அவளே சட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று பக்கத்து வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"பேச்சியம்மாள் அக்கா, எனக்குக் கொஞ்சம் சீனி கடன் தர முடியுமா? உங்கள் சட்டியைத் திருப்பித் தர வேண்டும். அதில் போடுவதற்கு ஒன்றும் இல்லை."

பேச்சியம்மாள் சட்டியைப் பார்த்தாள், காரினைப் பார்த்தாள். உள்ளே போய்ச் சீனி டப்பாவோடு வந்தாள். கைநிறைய அள்ளிச் சட்டியில் போட்டாள்.

"ம், இப்பம் குடுங்க."

காரின் இரண்டு கையாலும் சட்டியை நீட்டினாள். பேச்சியம்மாளும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு அப்போது வெடித்தது. இருவரும் பருத்தி விதைக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். கூடவே அழுகையும் இருந்தது. எனக்கும்தான்.

மாலை நாலு மணி பஸ்ஸுக்கு நான் பையை எடுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. நாலைந்து பெண்கள். கையில் டம்ளர், கிண்ணம், சின்னத் தூக்கு.

"வெள்ளக்காரம்மா வீட்டுல சீனி இல்லையாமே! இத முன்னாலயே சொல்லப்பிடாதா?"

மழை பெய்த ஈரத்தைப் பொருட்படுத்தாமல் எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். யாருக்கும் காய்ச்சலில்லை, யாரும் மாத்திரை கேட்கவில்லை. ஒருத்தி லிசாவைப் பிடித்து வைத்துத் தலைவாரத் தொடங்கினாள். கூட்டத்துக்கு நடுவில் பேச்சியம்மாள் கல்யாண வீட்டுக்காரி மாதிரி எல்லோரையும் உபசரித்துக்கொண்டிருந்தாள். மதுரையில் எங்கள் தெருவில் பல வருடம் இருந்தும் எனக்கு இப்படியொரு கூட்டம் வந்ததில்லை. பொறாமையாக இருந்தது.

சமையலறை மேடையில் சீனி நிரம்பிய பாத்திரங்கள் வரிசையாக நின்றன. காரின் அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், இவற்றில் எல்லாம் நான் எதைப் போட்டுத் திருப்புவேன்?"

"அதையும் இவங்ககிட்டயே கேள்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.