தஞ்சோங் பிடாராவில் பார்க்காத ராக்கெட்

மாலை நாலரை மணிக்குப் புலாவ் செபாங் அருகிலுள்ள எங்கள் தோட்டத்திலிருந்து வேன் கிளம்பியது. வாடகை இருநூற்று ஐம்பது ரிங்கிட். தஞ்சோங் பிடாரா கடற்கரை ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். ஸ்ரீஹரிகோட்டாவில் மாலை ஐந்தேகாலுக்கு ராக்கெட்டை ஏவினால் நமக்கு மணி ஏழே முக்கால். அடுத்த கால் மணி நேரத்தில் அது நம் வானத்தைக் கடக்கும். இங்கே இருட்டினாலும் அந்த உயரத்தில் வெயில் படுவதால் கண்ணுக்குத் தெரியும். இதைத் தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்தவன் நான். என்னைவிட அதிகம் சொன்னவர் அப்பா. தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டும் அவர், அன்று ஓவர்டைமை விட்டுவிட்டு, தேய்த்த சட்டையோடு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து வீட்டு மேரி அக்கா மட்டும் வரவில்லை. "கோழியெல்லாம் அடைக்கணும். நீங்க போய்ட்டு வாங்க லா."

அலோர் காஜா தாண்டியதும், அப்பாவோடு வேலை செய்யும் முனியாண்டி மாமா ஆரம்பித்தார்.

"ராக்கெட்டு வராட்டி என்ன செய்யிறது?"

"வரும். எம்மவன் கணக்குப் போட்டிருக்கான்," என்றார் அப்பா.

"கணக்குல வரும். வானத்துல வருமா?"

வேன் ஓட்டிய சுலைமான் அண்ணன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "வராட்டி சுட்ட மீன் சாப்பிட்டுத் திரும்புவோம் மாமா. மீனு எங்கயும் போகாது."

மஸ்ஜித் தானா ஊரில் வேனை நிறுத்தி, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ குடித்தோம். குவளை இரண்டு ரிங்கிட். ஆறரைக்குக் கடற்கரை. பாய் விரித்து எல்லாரும் கடலைப் பார்த்து உட்கார்ந்தோம். இந்தியா அந்தப் பக்கம்தானே.

ஏழே முக்காலுக்கு என் கைப்பேசி நேரலையில் ராக்கெட் நெருப்போடு எழும்பியது. கைதட்டினார்கள். அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டு வானத்தையே பார்த்தார். பத்து நிமிடம் போனது. இன்னும் பத்து நிமிடம்.

"அதானே?" என்று கடலில் நகர்ந்த ஒரு வெளிச்சத்தைக் காட்டினார் மாமா.

"அது கப்பல் மாமா."

வரைபடத்தைத் திறந்தேன். ராக்கெட்டின் பாதை எங்களுக்கு வடக்கே, முதுகுப் பக்கமாகப் போயிருந்தது. திரும்பினால் மரங்களும் குன்றும்தான். அந்தப் பாதையை நான் வீட்டிலேயே பார்த்திருந்தேன். பார்த்தும், நம் தோட்டத்திலிருந்து என்ன பெரிதாகத் தெரிந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய காரியத்துக்குக் கடற்கரைதான் பொருத்தம் என்று தோன்றியது. படித்தவன் யோசனை.

எட்டரைக்கு வேன் கிளம்பியது. சிறிது தூரம் போனதும் அப்பாவின் கைப்பேசிக்கு மேரி அக்காவின் வீடியோ வந்தது. எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். வீட்டுக்குப் பின்னால், பழைய மரங்களைச் சாய்த்துப் புதுக்கன்று நட்டிருக்கும் வெட்டவெளி. கன்றுகளுக்கு மேலே ஒரு வெளிச்சம், வெள்ளை வாலோடு, மெதுவாக நகர்கிறது. "தெரியுது, தெரியுது... எல்லாம் எங்கப்பா போனீங்க," என்று அக்காவின் குரல்.

"அப்பா, நான்தான் தப்பான எடத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். வீட்டுலயே இருந்திருக்கலாம்," என்றேன்.

அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. கைப்பேசியைப் பின்னால் நீட்டினார்.

"வீடியோ எடுத்த மணியப் பாரு முனியாண்டி. எம்மவன் சொன்ன நேரமா இல்லையா?"

மாமா பார்த்தார். "ஆமா லா. சரியாத்தான் சொல்லியிருக்கான்."

கைப்பேசி ஒவ்வொருவர் கையாக மாறிக் கடைசி வரிசையில் என்னிடம் வந்தது. அப்பா முன்னாலிருந்து திரும்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடியோவை ஓடவிட்டு, அது முடியும்வரை தலையைக் குனிந்தே இருந்தேன்.