செம்பு நடுங்கிய சத்தம்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று அரியலூரில் எனக்கு ஆறு லாரிகள் ஓடுகின்றன. ஜெயங்கொண்டம் வரை என் பேரைச் சொன்னாலே வழிவிடுவார்கள். அப்படிப்பட்டவனிடம் பெரம்பலூர் டாக்டர், “தண்ணி டம்ளரைத் தூக்குங்க” என்றார். தூக்கினேன். டம்ளர் தட்டில் கடகடவென்று அடித்தது.

அதே சத்தம். எனக்குப் பத்து வயதில், அக்கா கல்யாணத்தில், தாரை வார்க்க அப்பா செம்பைத் தூக்கினார். சும்மா இருந்தால் ஆடாத கை, தூக்கியதும் ஆடியது. செம்பு தாம்பாளத்தில் இடிபட்டு, தண்ணீர் மாப்பிள்ளை வேட்டியில் கொட்டியது.

“சம்பந்தி காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டாரு!” என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா. பந்தலே சிரித்தது.

அப்பா குடிக்கிறார் என்று ஊர் சொன்னதை நானும் நம்பியிருந்தேன். “இன்னிக்கு ஒரு நாளாச்சும் குடிக்காம இருக்கக் கூடாதாப்பா?” என்று கத்தினேன்.

அப்பா என்னையே பார்த்தார். செம்பைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். அதன்பின் சாகும்வரை எந்தப் பந்தியிலும் கை நனைக்கவில்லை. வீட்டிலும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தே சாப்பிட்டார்.

“இது பரம்பரையா வர்ற கை நடுக்கம்ங்க. குடிக்காதவங்களுக்கும் வரும். உங்கப்பாவுக்கு இருந்துச்சா?” டாக்டர் கேட்டார்.

“இருந்துச்சுங்க,” என்றேன். “நான்தான் அவரைக் குடிகாரன்னுட்டேன்.”