முடிக்காமல் விட்ட உறுமி

அம்மாவின் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். அவர் கொண்டையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, "காது வலிக்குதுய்யா, இறுக்காத" என்றார். எங்களுக்குப் பின்னால் இரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் எங்கள் பாஸ், ஈப்போ சீனப் பெண்மணி. மற்றவர் கேமை வாங்கி வெளியிடுவதற்காகக் கோலாலம்பூரிலிருந்து காலையிலேயே கார் ஓட்டி வந்தவர்.

ஈப்போவில் ஒரு கடைவீட்டு மேல்மாடியில் ஐந்து பேர் சேர்ந்து அந்த கேமைச் செய்துகொண்டிருந்தோம். ஆள் காலிசெய்துபோன ரப்பர் தோட்டத்தில் ஒருத்தி தனியாக மாட்டிக்கொள்கிறாள். வெளியே வர வேண்டும். வரைபடம் கிடையாது, அம்புக்குறி கிடையாது. இசைதான் வழிகாட்டி. சரியான பக்கம் திரும்பினால் பாட்டு தெளியும், தப்பான பக்கம் போனால் கலங்கும். அது என் யோசனை, இசையும் என்னுடையது. கோலாலம்பூர்காரருக்கு நம்பிக்கை இல்லை. அம்புக்குறி போடுங்கள், இசையை ரெடிமேடாக வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். என் ஒப்பந்தமோ அந்த மாதத்தோடு முடிகிறது.

பாஸ் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். "கேமே தெரியாத ஒருத்தரைக் கூட்டிட்டு வா. அவங்க காதாலயே வழி கண்டுபிடிச்சிட்டா நீ இருக்க. இல்லன்னா சாரி லா."

அதனால்தான் அம்மா. தோட்டத்தில் பிறந்தவர், இரண்டாம் வகுப்போடு நின்றவர், இப்போது சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை. திரையில் எழுத்து வந்தாலும் அவருக்குப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் டிப்ளோமாவரை போன முதல் ஆள் நான். அம்மாவால் நடக்க முடிந்தால் யாராலும் நடக்க முடியும் என்று கணக்குப் போட்டேன்.

இசையே வழிகாட்டும் என்கிற நம்பிக்கை எனக்குக் கோப்பெங்கில் ஒரு சைபர் கஃபேயில் வந்தது. பதினேழு வயதில், ஐந்தாம் படிவம் படிக்கும்போது பள்ளி முடிந்ததும் நானும் என் நண்பனும் நேராக அங்கேதான் போவோம். ஒரு பேய் கேம். ஆட்டத்தைச் சேமித்துவைக்கிற அறைக்குள் நுழைந்தால் மெல்லிய பியானோ வரும், தோள் தானாக இறங்கும். வெளியே வந்து பியானோ நின்றால் போதும், ஒன்றுமே கண்ணில் படாமலே உள்ளங்கை வியர்க்கும். ஒருநாள் ஹெட்போன் கெட்டுப்போய்ச் சத்தமில்லாமல் விளையாடினோம். அதே நடைபாதை வெறும் சாம்பல் சுவராக இருந்தது. "மச்சான், பயம் படத்துல இல்லடா, சவுண்டுல இருக்கு" என்றான் நண்பன். அவன் அப்போதே எங்கள் தோட்டத்துக் கோயிலில் உறுமி அடித்துக்கொண்டிருந்தான். சொன்னது தெரிந்துதான் சொன்னான்.

அம்மா நடக்க ஆரம்பித்தார். முதலில் சுவரில் முட்டினார். "இது எந்தப் பக்கம்யா போவும்?" என்றார். நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. கொஞ்ச நேரத்தில் தலையைச் சாய்த்துக் கேட்டார். திரும்பினார். மறுபடி கேட்டார். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளின் வரிசையைத் தாண்டினார். ரப்பர் மரங்களுக்கு நடுவே, பால் சேரும் மங்குகளில் மழை சொட்டுகிற ஓசையை வைத்து நான் கட்டியிருந்த பாட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவைகூடத் தப்பாமல் நடந்தார். பத்து நிமிடம் என்று நினைத்தது, ஆறு நிமிடத்தில் முதல் கட்டத்தின் கேட் திறந்துவிட்டது.

நான் எழுந்து ஹெட்போனைக் கழற்றப் போனேன். கோலாலம்பூர்காரர் கையை நீட்டித் தடுத்தார். "விடுங்க. அடுத்ததும் போகட்டும்."

அடுத்தது கோயில்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டத்துக்கு உறுமி வேண்டும் என்று நண்பனிடம் கேட்டிருந்தேன். அடித்துத் தருகிறேன் என்றான், ஆனால் சாமி அழைக்கிற அடி மட்டும் கிடையாது என்றான். "அத ஆரம்பிச்சா இறக்கி முடிக்கணும்டா. உன் கேமுல யாரு இறக்குவா?" சரி என்று தலையாட்டிவிட்டு, போன வருடத் திருவிழாவில் போனில் எடுத்திருந்த பதிவைப் பயன்படுத்திக்கொண்டேன். அழைக்கிற பகுதியை மட்டும் வெட்டி வட்டமாகச் சுற்றவிட்டேன். ஆட்டக்காரர் கோயிலை நெருங்க நெருங்க வேகம் கூடும், முடியவே முடியாது. கடைசியில் அடி தளர்ந்து இறங்குகிற பகுதியைத் தூக்கி எறிந்தேன். பயத்தை இறக்கிவைக்கிற இசை கேமுக்கு எதற்கு? நான்கு மாதம் அதைத் திரையில் அலைக்கோடாகவே பார்த்துப் பார்த்து, அது என்ன என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

வருடா வருடம் அந்த அடிக்கு அருள் வருகிறவர் என் அம்மா.

முதலில் வலது குதிகால் எழுந்தது. தரையில் தட்டியது. மறுபடி தட்டியது. தோள் குலுங்கியது, கண்ட்ரோலர் மேசையில் கடகடவென்று அடித்தது, பல்லிடுக்கில் "உஸ்ஸ்" என்று மூச்சு வந்தது. திரையில் அந்தப் பெண் கோயில் வாசலில் முட்டிக்கொண்டே நின்றாள். அவள் நகராததால் உறுமி உச்ச வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"ஆன்ட்டி, ஓகே ஆ?" என்று பாஸ் குனிந்து ஹெட்போனில் கை வைத்தார்.

"தொடாதீங்க!" கத்திவிட்டேன். பாஸிடம் நான் கத்தியது அது ஒரு தடவைதான்.

பாதியில் நிறுத்தக் கூடாது. ஒரு வருடம் நடுவில் உறுமித் தோல் கிழிந்து, சாமியாடிய ஓர் அக்கா மூன்று நாள் காய்ச்சலில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். என் லேப்டாப்பில் முழுப் பதிவும் இருந்தது. பன்னிரண்டாவது நிமிடத்தில் இறக்கம் ஆரம்பிக்கும். அதைத் தேடினேன், தாண்டிப்போனேன், திரும்ப வந்தேன். ஹெட்போன் வயரைப் பிடுங்கி லேப்டாப்பில் குத்தினேன். இடையில் இரண்டு விநாடி மௌனம். அந்த இரண்டு விநாடியில் அம்மா பல்லைக் கடித்த சத்தம் அறையில் எல்லாருக்கும் கேட்டது.

பிறகு உறுமி வந்தது. உச்சத்திலிருந்து ஒரு படி இறங்கியது, இன்னொரு படி. அம்மாவின் குதிகால் அதோடு சேர்ந்து மெதுவானது. நான் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசி அடி விழுந்ததும் தலை முன்னால் சாய்ந்தது.

"தண்ணி" என்றார்.

குடித்து முடித்து, ஹெட்போனை அவரே கழற்றினார். "நம்ம கோயில் அடிதானே இது?"

"ஆமாம்மா."

"யார கேட்டு எடுத்த?"

நான் ஹெட்போன் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"கூப்புட மட்டும் படிச்சிருக்கியே. அனுப்பி வைக்க யாருய்யா படிப்பா?"

இதற்குள் கோலாலம்பூர்காரர் கைதட்டிக்கொண்டிருந்தார். அம்மா கேமைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று நினைத்துவிட்டார். "இதுதான்! ஒரு உடம்பை இப்படி ஆட்டி வைக்குதுன்னா, இதுதான் வேணும். இந்த மியூசிக்கை மாத்தவே கூடாது." பாஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஜெயித்துவிட்டாய் என்று அர்த்தம்.

"அதை எடுத்துடணும் சார்" என்றேன்.

ஏன் என்று விளக்கினேன். என் ஆங்கிலம் அன்றைக்குத் திக்கித் திக்கித்தான் வந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதை வாங்கப்போறவங்க வெளிநாட்டுல இருக்காங்க. அவங்களுக்கு என்ன தெரியப்போவுது?" என்றார்.

"இங்க சிலிம் ரிவர்ல நம்ம தமிழன் ஒருத்தன் வீட்டு ஹால்ல உக்காந்து விளையாடுவான் சார். அவன் அம்மா பின்னால துணி மடிச்சிக்கிட்டு இருப்பாங்க. அவங்களுக்கு யாரு இறக்குவா?"

பாஸ் என்னைப் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். "உனக்குப் பைத்தியமா? சரி, இரண்டு வாரம். இதே அளவுக்குப் பயமா வேற ஒண்ணு போடு."

அன்று மாலையே நண்பனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "திருட்டுப் பயலே. அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க. என்கூடப் பேசல."

"பேச மாட்டாங்கதான். கல்யாண அடி வேணும்னா அடிச்சுத் தரேன், போட்டுக்க. பேய் மொய் வச்சிட்டுப் போயிரும்."

ஏழு இசை செய்தேன். தகரத்தைத் தட்டினேன், செம்பனை ஓலையை உரசினேன், என் மூச்சையே பதிவுசெய்து திருப்பி ஓட்டினேன். ஏழையும் கேட்டுவிட்டுக் கோலாலம்பூர்காரர் ஒரு வரி எழுதினார்: முதல் கட்டத்தின் இசை பிரமாதம், கோயில் கட்டம் இனிமேல் வேண்டாம். என் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு நீண்டது. கோயிலை வரைந்த சக ஊழியரின் ஆறு வார உழைப்பை ஒரே மதியத்தில் அழித்தோம்.

முடிந்த கேமை வீட்டில் அம்மாவிடம் கொடுத்தேன். ஹெட்போன் வேண்டாம் என்றார், டிவியிலேயே சத்தம் வைத்தேன். லயத்தைத் தாண்டினார், மரங்களைத் தாண்டினார், கேட் திறந்தது. கோயில் இருந்த இடத்தில் லாலான் புல் மட்டும் ஆடியது. அம்மா நின்றார். ஒரு சுற்றுத் திரும்பிப் பார்த்தார், இன்னொரு சுற்று.

"கோயிலு எங்கய்யா?"

"எடுத்துட்டோம்மா."

"அப்ப இது வேற யாரு தோட்டமோ" என்றார். கண்ட்ரோலரை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனார். கேமில் நானும் அதற்கு மேல் நடக்கவில்லை. டிவியில் என் பாட்டு, இந்தப் பக்கம் வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.